செண்பகத்துக்கு ஏன் இரண்டு பெயர்?

உங்கள் கடிதம் கிடைத்தது. நாற்றுப் பண்ணையில் வாங்கிய செண்பகக் கன்றின் அட்டையில் ‘மேக்னோலியா சம்பகா’ என்று எழுதியிருக்கிறது, நான் கல்லூரியில் படித்தது ‘மிக்கேலியா சம்பகா’ ஆயிற்றே, வேறு கன்றைத் தலையில் கட்டிவிட்டார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்களில் ஒன்றான அதே சண்பகம்தான்.

மிக்கேலியா என்பது 1753இல் லின்னேயஸ் வைத்த பெயர். புளோரன்ஸ் நகரத் தாவரவியலாளர் மிக்கேலியின் நினைவாக வைத்தது. மேக்னோலியா அதற்கு ஐம்பது ஆண்டு மூத்தது. செடிகளைக் குடும்பங்களாகப் பிரிக்க முயன்ற முன்னோடி பியர் மேக்னோலின் பெயரை, 1703இல் சார்ல் ப்ளூமியே என்ற பிரெஞ்சுத் துறவி ஒரு மரத்துக்குச் சூட்டினார். (அவர் பெயரும் நிலைத்துவிட்டது. நம் கோயில்களில் நிற்கும் ஈழத்தலரிதான் ப்ளூமேரியா.)

இரண்டு பேரினங்களையும் பிரித்த முக்கிய அடையாளம் பூ இருக்கும் இடம். மேக்னோலியாவுக்குக் கிளை நுனியில் பூ, மிக்கேலியாவுக்கு இலைக்கக்கத்தில் பூ. கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற வேறுபாடு, அதனால் இருநூறு ஆண்டுக்கு மேல் செல்லுபடியானது. ஆனால் செண்பகத்தின் பூக்காம்பை உற்றுப் பாருங்கள். இலைக்கக்கத்திலிருந்து புறப்படுவது ஒரு குட்டிக் கிளை. பூ அதன் நுனியில்தான் இருக்கிறது! பிறகு வந்த மரபணு ஆய்வுகளும் மிக்கேலியாக்கள் மேக்னோலியா கூட்டத்தின் நடுவிலேயே முளைத்த ஒரு கிளை என்று காட்டின. அவற்றை மட்டும் வெளியே எடுத்தால் மிச்சமிருப்பது முழுக் குடும்பமாக இராது, பேரனை விலக்கிவிட்டு எழுதிய வம்சாவளி போலிருக்கும். ஆகவே இன்று பலரும் ஏற்கும் கணக்கில் மேக்னோலியா குடும்பத்தில் இரண்டே பேரினங்கள்: மேக்னோலியா ஒன்று, வட அமெரிக்காவிலும் சீனத்திலும் ஒவ்வோர் இனமாக நிற்கும் துலிப் மரம் மற்றொன்று. சீனத் தாவரவியலாளர்கள் பலர் இதை ஏற்கவில்லை, மிக்கேலியாவைத் தனியாகவே வைத்திருக்கிறார்கள். என் கட்சி சேர்ப்பவர்களுடையது.

செண்பகத்தின் உறவுக்காரர்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். தாமரை, பார்க்க அப்படியே இருந்தாலும், உறவல்ல. சீத்தாப்பழம் நெருங்கிய உறவு. மனோரஞ்சிதமும் அதன் வீட்டுப் பிள்ளைதான். ஜாதிக்காயும் இதே வரிசை. இன்னும் சற்றுத் தள்ளிப் போனால் மிளகும் இலவங்கப்பட்டையும் பங்காளிகள். செண்பகம் காய்த்தால் கவனியுங்கள்: ஒரே பூவின் பல சூலிலைகள் தனித்தனிக் காய்களாகக் கொத்தாய்த் தொங்கும். அவை ஒன்றோடொன்று ஒட்டிச் சதைப்பற்றானால் எப்படியிருக்கும் என்று சீத்தாப்பழம் சொல்லும்.

நீலகிரிச் சோலைகளில் செண்பகத்தின் தங்கை ஒன்று உண்டு, மேக்னோலியா நீலகிரிக்கா. உதகைப் பக்கம் போனால் வெள்ளைப் பூவைத் தேடுங்கள், பறிக்க வேண்டாம். அட்டையையும் கிழிக்காதீர்கள், பழைய பெயரை அடியில் எழுதி வையுங்கள், பழைய புத்தகங்களில் தேட அதுதான் உதவும்.