உபாத்தியாயரின் கோடை விடுமுறையும் சங்க அங்கத்தினரின் கடமையும்

"சித்திரை மாதத்துப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்" என்னும் பழமொழியைக் கேளாத குடியானவர் இல்லை. அறுவடை முடிந்த காட்டைக் கோடை மழையின் ஈரத்தில் உழுது, கட்டி புரட்டி, வெயிலில் காயவிட்டு வைப்பது முன்னோர் கண்ட வழக்கம். அக்காலத்தில் அந்நிலத்தில் பயிர் ஒன்றும் காணப்படாது. உழவறியாதவன் பார்த்தால் நிலம் சும்மா கிடக்கின்றது என்றே எண்ணுவான். ஆயினும் களையின் வேரும் பூச்சியின் கூடும் வெயிலில் மடிகின்றன. மண் காற்றோட்டம் பெறுகின்றது. அடுத்துப் பெய்யும் மழை ஓடிவிடாமல் உள்ளே இறங்குகின்றது. வருகிற விளைச்சலில் பாதி அந்தச் சும்மா கிடந்த காலத்திலேயே உண்டாகிவிட்டது என்று சொன்னாலும் மிகையாகாது.

கிராமப் பள்ளி உபாத்தியாயரின் கோடை விடுமுறையும் இத்தன்மையதே. அதனை வெறும் சோம்பற்காலம் என்று கருதுவது தவறு. பிறர் வேலைக்கெல்லாம் இலவசமாகக் கிடைக்கும் காலம் என்று கருதுவது அதனினும் பெரிய தவறு. விடுமுறையை உபாத்தியாயர் எவ்வாறு இன்பமாகவும் பயனுள்ளதாகவும் கழிக்கலாம் என்பதும், அதற்குக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் எவ்வாறு துணை நிற்கலாம் என்பதும் இப்பாடத்தின் பொருளாகும்.

1. விடுமுறை வீணாகும் விதம்

முற்காலத்தில் பல கிராமச் சங்கங்களுக்குப் பள்ளி உபாத்தியாயரே காரியதரிசியாகவும் இருந்தார். எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஊரில் இரண்டொருவரே இருந்த காலம் அது. இன்று சங்கங்களுக்குச் சம்பளம் பெறும் சிப்பந்திகள் உண்டு. ஆயினும் மனு எழுதவும், படிவம் நிரப்பவும், நோட்டீசுக்குப் பொருள் கேட்கவும் ஜனங்கள் உபாத்தியாயரின் திண்ணையையே நாடுவது நின்றபாடில்லை. "வாத்தியாரய்யா, பள்ளிக்கூடந்தான் லீவாச்சுங்களே, சும்மாதானுங்களே இருக்கறீங்க, இதைக் கொஞ்சம் எழுதிக் கொடுங்க" என்று காலையில் ஒருவர் வருகிறார். அவர் போகுமுன் மற்றொருவர் வருகிறார். மறுக்க மனமின்றி எழுதிக் கொடுத்துக்கொண்டேயிருக்கும் உபாத்தியாயருக்கு வைகாசி பிறந்தது தெரிவதில்லை.

பெண் உபாத்தியாயரின் நிலை இதனினும் கடினம். பத்து மாதமும் பள்ளியும் வீடுமாக இரட்டைப் பாரம் சுமந்தவருக்கு விடுமுறையில் பள்ளிப் பாரம் நீங்குகின்றது. ஆனால் உறவினர் வருகை, வடகம் வற்றல், கலியாணங் கார்த்திகை என்று வீட்டுப் பாரம் இரட்டிக்கின்றது. ஓய்வுக்கென ஏற்பட்ட நாட்களில் அவருக்கு ஒரு நாளேனும் ஓய்வாக அமைகின்றதா என்பதை அவர் வீட்டார் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இவ்வாறு களைத்த உபாத்தியாயர் ஜூன் மாதத்தில் களைப்போடேயே பள்ளிக்குத் திரும்புகின்றார். அதன் நஷ்டம் அவருக்கு மாத்திரம் அன்று. அவர் முன் அமர்ந்திருக்கும் முப்பது நாற்பது குழந்தைகளுக்கும், அக்குழந்தைகளின் பெற்றோராகிய சங்க அங்கத்தினர்க்கும் அந்நஷ்டம் ஓராண்டு முழுவதும் தொடர்கின்றது. கோடை உழவு செய்யாத காட்டில் ஆடியில் விதைத்தது போலாம்.

2. முதலாவது வேண்டுவது ஓய்வு

ஆகவே விடுமுறையின் முதற்பகுதி முற்றிலும் ஓய்வுக்கே உரியது. இரண்டு வாரமேனும் பள்ளிப் புத்தகம், பதிவேடு, மனு ஆகிய எதனையும் தொடாமலிருப்பது சிலாக்கியம். அக்கினி நட்சத்திர வெயிலில் நண்பகலில் வெளியே அலையாமல், காலையிலும் மாலையிலும் தோட்டத்துப் பக்கம் நடந்து வருதல், கிணற்றில் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குதல், நெடுநாள் காணாத உற்றாரைக் கண்டுவருதல் முதலியன செலவில்லாத இன்பங்கள். ஓய்வு குற்றமென்று நாணுவதற்கு இடமில்லை. பால் கறக்கும் பசுவுக்கும் வற்றும் காலம் வேண்டுமென்று அறிந்த குடியானவர், மனிதருக்கு அது வேண்டுமென்று அறியாமலிருத்தல் கூடாது.

3. இரண்டாவது, மனம் விரும்பிய ஒரு வேலை

ஓய்வு கொண்ட மனம் தானாகவே வேலையை நாடும். அப்போது பிறர் ஏவாத, தம் மனம் விரும்பிய ஒரு வேலையை உபாத்தியாயர் மேற்கொள்ளல் நலம். இதற்கு உதாரணம் தேடித் தூரதேசம் செல்ல வேண்டுவதில்லை. கொங்கு நாட்டிலேயே உண்டு.

மொடக்குறிச்சிப் பக்கத்து மஞ்சக்காட்டுவலசில் 1908 ஆம் ஆண்டில் பிறந்த பெரியசாமித் தூரன் கோபிசெட்டிபாளையத்திலும், பின்னர் பெரியநாயக்கன்பாளையம் இராமகிருஷ்ண வித்தியாலயத்திலும் உபாத்தியாயராக இருந்தவர். அவர் கிராமத்து வாய்மொழிப் பாடல்களைத் தேடிச் சேகரித்தார். சுதேசமித்திரன் பத்திரிகையின் பழைய இதழ்களில் புதைந்து கிடந்த பாரதியாரின் எழுத்துக்களைத் தேடித் தொகுத்தார். அவை 1953 ஆம் ஆண்டில் 'பாரதி தமிழ்' என்னும் நூலாயின. இவ்விதம் தேடிச் சேர்க்கும் வழக்கமுடைய அவரே தமிழின் முதற் கலைக்களஞ்சியத்துக்குத் தலைமைப் பதிப்பாசிரியராகி, அதன் பத்துத் தொகுதிகளும் 1954 முதல் 1968 வரை வெளிவரக் காரணராக இருந்தார்.

மற்றொருவர் புலவர் செ. இராசு. இவர் ஈரோட்டு வட்டாரத்தில் பள்ளித் தமிழாசிரியராக இருந்தவர். காடு மலை ஏறிக் கல்வெட்டுக்களைத் தேடுவதில் இவருக்கு விருப்பம் அதிகம். 1960 ஆம் ஆண்டளவில் அறச்சலூர் நாகமலைக் குகையில் பண்டைத் தமிழ் எழுத்தில் வெட்டப்பட்ட இசைக் கல்வெட்டை இவர் உலகறியச் செய்தார். தாளச் சொற்கள் வரிசையாக அமைந்த அக்கல்வெட்டு தமிழரின் இசை வரலாற்றுக்கு ஓர் அரிய சான்றாயிற்று. இவர் பிற்காலத்தில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டுத் துறையில் பணியாற்றினார்.

இவ்விருவர் வேலையும் எவரும் கட்டளையிட்டுச் செய்வித்தவை அல்ல. பாடவேளை மணிக்கு இடையில் செய்யக்கூடியவையும் அல்ல. ஊர் ஊராகச் செல்லவும், பழைய தாள்களின் முன் நாள் முழுதும் அமரவும் தொடர்ச்சியான ஓய்வு நாட்கள் வேண்டும். எல்லா உபாத்தியாயரும் இவர்களைப் போல் ஆகவேண்டும் என்பதில்லை. தம் ஊர்க் கிணறுகளின் ஆழத்தைக் குறித்துவைத்தல், ஏரிக்கு வரும் பறவைகளை எழுதிவைத்தல், எண்பது வயதுப் பாட்டியிடம் ஊரின் பழைய பஞ்சகாலக் கதைகளைக் கேட்டு எழுதுதல், தையற்கலையோ இசையோ கற்றல் ஆகிய எதுவாயினும் தகும். ஜூன் மாதத்தில் குழந்தைகளிடம் சொல்லுதற்குப் புதிய விஷயம் ஒன்று கையிலிருக்கும் உபாத்தியாயரே பாக்கியசாலி.

4. மூன்றாவது, சென்று காணுதல்

கோயமுத்தூரைச் சுற்றி ஒரே நாளில் போய்த் திரும்பத்தக்க இடங்கள் பல உள. சைதாப்பேட்டையிலிருந்து 1906 ஆம் ஆண்டில் கோயமுத்தூருக்கு மாற்றப்பட்டு, 1971 இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த விவசாயக் கல்லூரி ஒன்று. 1912 இல் தொடங்கி, இந்தியா முழுவதும் பயிராகும் பல கரும்பு ரகங்களுக்குப் பிறப்பிடமான கரும்பு இனவிருத்தி நிலையம் மற்றொன்று. 1902 இல் ஏற்பட்ட காஸ் வன அருங்காட்சியகம் வேறொன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டினதாகச் சொல்லப்படுவதும், பவானியில் தொடங்கி நொய்யலைச் சேர்வதுமாகிய காலிங்கராயன் வாய்க்காலும், 1955 இல் கட்டி முடிந்த கீழ்பவானி அணையும் நீர்ப்பாசனத்தின் பழமையையும் புதுமையையும் ஒருங்கே காட்டுவன.

இத்தகைய இடங்களுக்கு உபாத்தியாயர் தனியே செல்வதினும், சங்க அங்கத்தினர் பத்துப் பேர் அவரோடு சேர்ந்து ஒரு வண்டியில் செல்லுதல் உசிதம். செலவு பங்காகும். உபாத்தியாயர் பலகையில் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்வார். கரும்பையும் மதகையும் பற்றி அங்கத்தினர் தம் அனுபவத்தை அவருக்குச் சொல்வர். யார் உபாத்தியாயர், யார் மாணாக்கர் என்ற பேதம் அன்றொரு நாள் நீங்கும்.

5. நான்காவது, ஊருக்குப் பத்து மாலை

டென்மார்க் தேசத்துக் குடியானவர் கூட்டுறவில் சிறந்தவர் என்பது பிரசித்தம். அங்கு முதற் கூட்டுறவுப் பாற்பண்ணை தோன்றியது 1882 இல். ஆனால் கிராமத்து வாலிபர்க்கென முதல் மக்கட் பள்ளி திறக்கப்பட்டது 1844 இலேயே. பனியால் வயல் வேலை நின்ற மாதங்களில் வாலிபர் அப்பள்ளிகளில் தங்கிக் கற்றனர். கல்வி முன்னும் கூட்டுறவு பின்னுமாக வந்தமையே அங்கு சங்கங்கள் நிலைத்ததற்கு ஒரு முக்கிய காரணம். இங்கோ மானாவாரிக் காடுகளில் வேலை குறையும் காலம் கோடையே. உபாத்தியாயருக்கும் குடியானவர்க்கும் ஒருங்கே ஓய்வு கிடைப்பது அப்பொழுதுதான்.

ஆகையால், ஓய்வும் சொந்த வேலையும் போக, உபாத்தியாயர் மனமொப்பினால் விடுமுறையின் கடைசி வாரங்களில் பத்து மாலை, மாலைக்கு ஒரு மணி நேரம், சங்கக் கட்டடத்தில் அங்கத்தினர்க்குப் பாடம் நடத்தலாம். பாடம் ஒன்றே போதும்: தன் கணக்கைத் தானே படித்தல். பாஸ் புத்தகத்தில் அசல் எது, வட்டி எது, தவணை நாள் எது, கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்தி என்ன சொல்கின்றது என்பனவற்றை ஒவ்வொருவரும் தம் கையில் வைத்துப் பார்த்துக் கற்கவேண்டும்.

வட்டிக் கணக்கு ஒன்றை மாதிரிக்குக் காட்டலாம். ஊரில் "மூணு வட்டி" என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் 3 ரூபாய். கேட்பதற்குச் சிறிது, ஆண்டுக்கு அது நூற்றுக்கு 36 ஆகும். 10,000 ரூபாய் வாங்கியவர் மாதம் 300 வீதம் ஓராண்டில் 3,600 ரூபாய் வட்டியாகவே கட்டியிருப்பார். அசலில் ஒரு ரூபாயும் குறைந்திராது. மூன்றாண்டு சென்றால் கட்டிய வட்டி 10,800. வாங்கிய அசலினும் மிகுதி. அசலோ அப்படியே நிற்கும். இக்கணக்கைத் தம் விரலால் ஒருமுறை போட்டுப் பார்த்தவர், சங்கத் தவணையைத் தவறவிட்டு வட்டிக்கடை வாசலுக்குச் செல்லுமுன் இருமுறை யோசிப்பார். முதன்மையாகக் கைந்நாட்டு வைக்கும் அங்கத்தினரும், கணவர் பெயரால் மாத்திரம் சங்கத்தை அறிந்த பெண்டிரும் இம்மாலைப் பாடத்துக்கு வருதல் வேண்டும்.

இந்தியக் கூட்டுறவின் தொடக்கத்துக்குக் காரணமான அறிக்கைகளை 1895 இலும் 1897 இலும் அளித்த பிரெடெரிக் நிக்கல்சன், அதற்கு முன்னரே 1887 இல் வெளிவந்த கோயமுத்தூர் ஜில்லா விவரநூலைத் தொகுத்தவர். குடியானவரின் கடன் பாரத்தையும், அதற்கு மாற்றாகச் சிக்கனமும் பரஸ்பர உதவியும் வேண்டுமென்பதையும் அவர் எழுதினார். 1904 ஆம் ஆண்டுச் சட்டம் அதன்பின் வந்தது. சட்டம் சங்கத்தை உண்டாக்கும். அங்கத்தினரின் அறிவே அதனைக் காப்பாற்றும்.

6. சங்கம் செய்யவேண்டுவன

பத்து மாலை என்றால் பத்தே மாலைதான். பதினொன்றாவது நாள் "இன்னும் ஒரு வாரம்" என்று கேட்டல் தகாது. அப்பத்து மாலைக்கும் நிர்வாக சபை தீர்மானம் செய்து, துணை விதிகள் இடந்தரும் அளவில் ஒரு சிறு சன்மானம் அளித்தல் மரியாதை. இலவசமாகப் பெற்றதை ஜனங்கள் மதிப்பதில்லை. மனு எழுதுவதற்கு வாரத்தில் ஒரு நாள், ஒரு நேரம் என்று குறித்துச் சங்க வாசலில் எழுதிவைத்தால், மற்றை நாட்களில் உபாத்தியாயர் வீட்டுத் திண்ணை அமைதியாயிருக்கும். எழுதத் தெரிந்த வாலிபர் இருவரை அதற்குப் பழக்கிவிட்டால் அடுத்த கோடையில் அந்த ஒரு நாளும் மிச்சமாகும்.

உபாத்தியாயரும் தம் அளவில் சிக்கனம் பேணல் வேண்டும். விடுமுறை முடியும் தறுவாயில் பிள்ளைகளின் படிப்புச் செலவு வந்து நிற்கும். பணியாளர் சிக்கன நாணயச் சங்கத்திலோ ஊர்ச் சங்கத்திலோ மாதம் 500 ரூபாய் சேர்த்தவருக்குப் பத்து மாதத்தில் 5,000 ரூபாய் அசலாகவே இருக்கும். கடன் வாங்கிப் போன யாத்திரையில் மனம் ஓய்வதில்லை. சேர்த்த பணத்தில் பேரூர் வரை போய்வந்தாலும் மனம் நிறையும்.

7. அங்கத்தினர் கூட்டத்தில் ஆலோசிக்கத் தக்க வினாக்கள்

(அ) சென்ற கோடையில் நம் ஊர் உபாத்தியாயர் எத்தனை நாள் ஊர் வேலை செய்தார்? அவற்றுள் சங்கமே செய்துகொண்டிருக்கக் கூடியவை எவை?

(ஆ) பாஸ் புத்தகத்தைத் தாமே படித்துக் கணக்குச் சொல்லத்தக்க அங்கத்தினர் எத்தனை பேர்? அவர்களுள் பெண்டிர் எத்தனை பேர்?

(இ) வரும் கோடையில் கண்டுவரத்தக்க இடம் எது? செலவுக்கு இன்று முதல் மாதந்தோறும் தலைக்கு எவ்வளவு சேர்க்கலாம்?

உழுது காயவிட்ட காட்டில் மாட்டை விட்டு மிதிக்கவிடுபவன் நல்ல குடியானவன் அல்லன். உபாத்தியாயரின் விடுமுறையும் அவ்வாறே காக்கத் தக்கது. அதன் பலன் ஆடி மாதத்துப் பயிரைப் போல ஊரார் வீட்டுப் பிள்ளைகளின் முகத்தில் தெரியும்.