நண்பன் எடுத்த முகப்படத்தில் குறை சொல்வது எப்படி?

பங்குனி உத்திரம் முடிந்த வாரம், நெய்வேலியில் கேமரா வைத்திருக்கும் கல்லூரிப் பிள்ளைகளிடம் காவடிப் படங்கள் குவிந்து கிடக்கும். எல்லாம் வில்லுடையான்பட்டு முருகன் கோயிலில் எடுத்த முகங்கள். ஒருவர் படத்தை இன்னொருவர் பார்த்துச் சொல்வது இரண்டே வாக்கியம்: "மச்சி, செம!" அல்லது "கொஞ்சம் டார்க்கா இருக்குடா." முதலாவதால் பயனில்லை. இரண்டாவது பெரும்பாலும் தப்பு.

முதல் வேலை, படத்தைக் கணினித் திரையில் போடுவது. வெயிலில் நின்று போனில் பார்த்து எக்ஸ்போஷர் பேசுவது வீண். நீங்கள் பார்த்து முடிக்கும்வரை எடுத்தவர் வாய் திறக்கக் கூடாது. "அவர் ஒரு நிமிஷம்கூட நிக்கலடா" என்ற கதையைக் கேட்டுவிட்டால் அப்புறம் கதைதான் தெரியும், படம் தெரியாது.

அடுத்து ஃபிரேமின் நாலு ஓரத்தையும் கண்ணால் ஒரு சுற்று சுற்றுங்கள். மணிக்கட்டில் வெட்டுப்பட்ட கை, தலையிலிருந்து முளைத்த அனல்மின் நிலையப் புகைபோக்கி எல்லாம் அங்கேயே மாட்டும். மூன்றில் ஒரு பங்கு விதியைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம். முகம் நட்டநடுவில் இருக்கும் படம்தான் எனக்குப் பிடிக்கும். கண் முதலில் எங்கே போய் நின்றது என்று மட்டும் பாருங்கள். பின்னாலிருக்கும் பிளெக்ஸ் பேனரில் நின்றிருந்தால், "ரெண்டடி இடப்பக்கம் நகர்ந்திருந்தா அது தலைக்குப் பின்னால மறைஞ்சிருக்கும்" என்று சொல்லுங்கள். அமைப்புக்கு இவ்வளவு போதும்.

எல்லோரும் சறுக்குவது எக்ஸ்போஷரில்தான். படம் இருண்டிருக்கிறதா, ஆளே கறுப்பா என்று பிரித்துப் பார்ப்பதில்லை. கேமரா மீட்டருக்கு ஆள் யாரென்று தெரியாது. எதிரே இருப்பது எதுவானாலும், விழும் ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பித் தரும் நடுத்தரச் சாம்பல் என்றே கணக்குப் போடும். வெள்ளை வேட்டி சட்டை ஃபிரேமை நிறைத்தால் ஒளியைக் குறைத்துவிடும், முகம் இருண்டுபோகும். அங்கே ப்ளஸ் ஒரு ஸ்டாப் வேண்டும். பழுப்பு நிலக்கரிக் குவியல் மாதிரிக் கரிய பின்னணி என்றால் முகம் வெளிறும், அங்கே மைனஸ்.

ஆகவே தோல் நிறத்தை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். கண்ணின் வெள்ளையைப் பாருங்கள். நல்ல வெளிச்சத்தில் நிற்பவருக்கு அது சாம்பல் பூத்துக் கிடந்தால் படம் அண்டர். அது தெளிவாக இருந்து, கன்ன மேட்டில் பளபளப்பு விழுந்து, காதோர முடி இழை இழையாகத் தெரிந்தால் எக்ஸ்போஷர் சரி. ஆள் கறுப்பு, அவ்வளவுதான். ஸ்லைடரை இழுத்து வெளுப்பாக்கச் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். இந்தக் கோளாறு நம் ஊரோடு நிற்பதும் இல்லை. கலர் ஃபிலிம் காலத்தில் பிரின்ட் நிறத்தைச் சரிபார்க்க கோடாக் லேப்களுக்குக் கொடுத்த ஷெர்லி அட்டையில் பல காலம் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம்தான்.

காவடிப் படத்தில் இன்னொரு சோதனை, நெற்றி விபூதி. பெரிதாக்கிப் பாருங்கள். பட்டைக்குள் விரல் இழுத்த கோடுகள் தெரிந்தால், உச்சி வெயிலில் அப்படி எடுத்தவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்கலாம். கன்னம் சரியாக இருந்து, விபூதி மட்டும் வெற்று வெள்ளையாகிப் போயிருந்தால் செட்டிங்கை நோண்டிப் பயனில்லை. ஆளை நிழலுக்கு அழைத்திருக்க வேண்டும். ஹிஸ்டோகிராம் இடப்பக்கம் குவிந்திருக்கிறதே என்று குதிக்காதீர்கள். கறுத்த முகம் ஃபிரேமை நிறைத்தால் அங்கேதான் குவியும். வலது ஓரத்தில் முட்டி நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

நிழலிலும் ஒரு சிக்கல் உண்டு. நம் டவுன்ஷிப்பின் தெருமரங்களுக்கு அடியில் எடுத்தால் இலைப் பச்சை முகத்தில் ஏறும். காலடியில் செம்மண் இருந்தால் தாடைக்கு அடியில் சிவப்பு தட்டும். இதற்கு எக்ஸ்போஷரைத் திட்டக் கூடாது, ஒயிட் பேலன்ஸைக் கவனிக்கச் சொல்லுங்கள். ஷிப்ட் முடிந்து வரும் தொழிலாளி படத்தில் ஹெல்மெட் விளிம்பின் நிழல் கண்ணை விழுங்கியிருந்தால், "முகவாயைக் கொஞ்சம் தூக்குங்கண்ணேன்னு கேட்டியா?" என்று கேளுங்கள். கேட்டிருக்கமாட்டான். ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்லும் யோசனை மட்டும் வேண்டாம், படமே போய்விடும்.

சொல்லும்போது ஒரு படத்துக்கு ஒரு குறை, அதற்கு ஒரு வேலை. "கண்ணுல வெள்ளை மங்கிக் கிடக்கு, ப்ளஸ் ஒண்ணு வெச்சு இன்னொண்ணு எடுடா" என்றால் அடுத்த நாளே எடுத்துக்கொண்டு வந்து நிற்பான். இரண்டாவது குறையை அப்போது சொல்லிக்கொள்ளலாம்.