பன்றிக் கொட்டிலின் தரையும் குளம்பின் நலமும்

பன்றி வளர்ப்பிற்காகச் சங்கத்தில் கடன் கோரும் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும்போது ஒரு குறை அடிக்கடி புலப்படுகிறது. குட்டிகளின் விலை, தீவனச் செலவு, கூரைச் செலவு ஆகியன விவரமாகக் காட்டப்பட்டிருக்கும். தரையைப் பற்றி ஒரே வரிதான் இருக்கும். அதுவும் "சிமெண்டுத் தரை" என்பதோடு நின்றுவிடும். பன்றியோ தன் ஆயுள் முழுவதும் நிற்பதும் படுப்பதும் அத்தரையின்மீதேயாம். பண்ணைப் பன்றிகளுக்கு நேரும் கால் நோய்களில் பெரும்பாலானவை தரையில் பிறந்து குளம்பில் குடியேறுபவை.

இதனால் விளையும் நஷ்டம் சிறிதன்று. பெட்டைப் பன்றி ஏறத்தாழ எட்டு மாதப் பருவத்தில் இனச்சேர்க்கைக்கு விடப்படுகிறது. சினைக்காலம் 114 நாட்கள். ஆகவே முதல் ஈற்று நிகழும்போது அதற்கு ஓராண்டு நிறைந்துவிடும். அவ்வோராண்டில் செலவு உண்டு, வரவு இல்லை. இரண்டொரு ஈற்றிலேயே கால் கெட்டு அதனைக் கழிக்க நேரிட்டால், வளர்த்த செலவுகூடத் திரும்பாது. கழிக்காமல் வைத்திருந்தாலும், காலில் வலியுள்ள தாய்ப்பன்றி தீனிக்கு எழுந்து வராது, பால் குறையும், மெல்லச் சாய்ந்து படுக்க இயலாமல் தொப்பென்று விழுந்து குட்டிகளை நசுக்கிவிடும். பின்னங்கால் நோயுள்ள ஆண்பன்றி சேர்க்கைக்கு உதவாது. தாய்ப்பன்றி நொண்டினால் கடன் தவணையும் நொண்டும்.

பன்றியின் ஒவ்வொரு பாதத்திலும் நான்கு விரல்கள் உள. முன்புறமுள்ள இரு பெருங்குளம்புகளே பாரத்தைத் தாங்குவன. பின்புறமுள்ள இரு சிறு குளம்புகள் சேற்றிலும் மென்னிலத்திலும் மட்டும் ஊன்றும். பின்னங்கால்களில் வெளிக்குளம்பு உட்குளம்பைவிடப் பெரிதாக இருப்பதால் அதன்மீதே மிகுந்த பாரம் விழும். நோய் முதலில் காண்பதும் பெரும்பாலும் அங்கேதான். குளம்பின் சுவர் கடினமானது, குதிப்பகுதி மென்மையானது. சுவரும் அடிப்பாகமும் கூடுமிடத்தில் வெண்மையான கோடொன்று தெரியும். அக்கோடு விரிந்தால் சாணமும் கிருமியும் உட்புகுந்து சீழ் பிடிக்கும். விரல் முழுவதும் பருத்துச் சிவந்து, குளம்பின் மேல்விளிம்பில் சீழ் உடைந்து வெளிப்படும் நிலை இதன் முற்றிய வடிவம்.

தரையில் இரு வகைக் குற்றங்கள் உண்டு. ஒன்று வழுக்கல், மற்றொன்று சொரசொரப்பு. நம் கொத்தர்கள் வீட்டுத் தரையைப் போலப் பன்றித் தரையையும் இரும்புக் கரண்டியால் மழமழவெனத் தேய்த்துக் கொடுத்துவிடுவார்கள். உரிமையாளரும் பார்த்து மகிழ்வார். தண்ணீரும் சாணமும் பட்டதும் அத்தரை எண்ணெய் பூசியது போலாகும். சினைப்பன்றி கால் விரிந்து விழுந்தால் தொடை எலும்பும் மூட்டும் கெடும். இதற்கஞ்சி ஜல்லி தெரியும்படி விட்டுவிடுவதும் தவறு. அது அரம் போலக் குதியைத் தேய்த்துவிடும். மரக்கட்டையால் தேய்த்து, கையால் தடவினால் மணல் நெருடுவது போன்ற பதத்தில் நிறுத்துவதே சரி. உள்ளங்கையைப் பலமாக அழுத்தித் தேய்த்தும் தோல் கீறாதிருந்தால் அத்தரை பன்றிக்கும் ஆகும் என்று கொள்ளலாம்.

புதிய சிமெண்டுத் தரையில் உடனே பன்றியை விடுதல் கூடாது. அதிலுள்ள சுண்ணாம்புக் காரம் குளம்பையும் தோலையும் அரிக்கும். சில வாரங்கள் தண்ணீர் தேக்கி, தேய்த்துக் கழுவி, மீண்டும் தேக்கி, அதன்பின்னரே விடவேண்டும். கடனில் கட்டிடம் முடிந்த மறுநாளே குட்டிகளை வாங்கிவிடத் துடிக்கும் அன்பர்கள் இதனைக் கவனிக்கக் கோருகிறேன். பழைய தரையிலும் ஒரு தொல்லையுண்டு. தொட்டியருகே சிந்தும் ஈரத்தீனி புளித்து, அப்புளிப்பு சிமெண்டைத் தின்றுவிடும். அங்கே குழியும் கூர்ஜல்லியும் தோன்றும். பன்றிகள் முண்டியடித்து நிற்குமிடமும் அதுவேயாதலால், ஆண்டுதோறும் அவ்விடத்தை மட்டுமாவது பூசிவிடுதல் நலம்.

ஈரம் குளம்பை ஊறவைத்து மென்மையாக்கும். முப்பது அடிக்கு ஓரடி என்ற அளவில் சரிவு வைத்தால் நீர் வடிந்துவிடும். அதற்கு மேற்பட்ட சரிவு வழுக்கலில் கொண்டுபோய் விடும். படுக்குமிடத்தில் வைக்கோலோ கரும்புச் சோகையோ பரப்புவது பெரும் உதவி. இடைவெளி விட்ட பலகைத் தரை அமைப்போர் நம்மிடையே சிலரே. அவர்களுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டு விதியில் உள்ள அளவுகள் பயன்படும். காங்கிரீட் பலகைகளாயின் இடைவெளி பால்குடிக்கும் குட்டிகளுக்கு 11 மில்லிமீட்டருக்கும், பால் மறந்தவைக்கு 14க்கும், வளர்ப்புப் பன்றிகளுக்கு 18க்கும், தாய்ப்பன்றிகளுக்கு 20க்கும் மிகக்கூடாது என்பது அவ்விதி.

தீனியும் குளம்போடு தொடர்புடையது. உணவுவிடுதிக் கழிவையும் தவிட்டையும் மட்டுமே நம்பி வளர்க்கும் பண்ணைகள் நம்மிடையே பல. தவிட்டில் சுண்ணாம்புச்சத்து மிகக் குறைவு. பாஸ்பரஸ் நிறைய இருப்பினும் அதில் பெரும்பகுதி பன்றியின் வயிற்றில் செரிப்பதில்லை. பத்துக் குட்டிகளுக்குப் பாலூட்டும் தாய், தீனியில் கிடைக்காத சுண்ணாம்பைத் தன் எலும்பிலிருந்தே எடுத்துக்கொடுக்கும். குட்டி பிரித்த சில நாட்களில் ஒரு காரணமுமின்றி அதன் எலும்பு முறிவதற்கு இதுவே காரணம். தாது உப்புக் கலவையைச் சேர்ப்பதில் சிக்கனம் வேண்டாம். பயோட்டின் என்னும் உயிர்ச்சத்துக் குறைந்தால் குளம்பில் வெடிப்புகள் காணும். நாமக்கல் போன்ற கோழிப்பண்ணை வட்டாரங்களில் உடைந்த முட்டைகள் மலிவாகக் கிடைக்கலாம். அவற்றைப் பச்சையாக ஊற்றினால் வெண்கருவிலுள்ள அவிடின் என்ற பொருள் பயோட்டினைப் பிணைத்துப் பயனற்றதாக்கிவிடும். வேகவைத்தால் அத்தீங்கு நீங்கும். குளம்பு மாதமொன்றுக்கு ஏறத்தாழ அரை சென்டிமீட்டரே வளருமாதலால், தீனியைத் திருத்தியபின் பலன் தெரியப் பல மாதங்கள் ஆகும். ஒரு மாதத்தில் பலனில்லையென்று கைவிடுவோர் பலர்.

படுத்திருக்கும் பன்றி தன் நோயைக் காட்டாது. கொட்டில்களைப் பார்வையிடச் செல்லும்போது பதிவேட்டைப் புரட்டுவதற்கு முன் பன்றிகளை எழுப்பி நடக்கவிடச் சொல்வது என் வழக்கம். அங்கத்தினர்களும் நாள்தோறும் தீனி வைக்கும் நேரத்தில் கடைசியாக எழுவது எது, ஒரு காலைத் தூக்கி நிற்பது எது என்று பார்த்தல் வேண்டும். பாவில் இழை அறுந்ததை உடனே கண்டு முடிபவருக்கு இப்பார்வை புதிதன்று.

நொண்டும் பன்றியை உடனே தனியே பிரித்து, வைக்கோல் பரப்பிய உலர்ந்த இடத்தில் விடவேண்டும். கூட்டத்தில் விட்டால் மற்றவை அதனைத் தள்ளித் தீனிக்கு வரவொட்டா. காலைச் சோப்பு நீரால் கழுவி, விரலிடுக்கில் ஆணி, கண்ணாடிச் சில்லு, கல் ஏதேனும் தைத்துள்ளதா என்று நோக்குக. மேலோட்டமான புண்ணாயின் அயோடின் தடவி, ஈ மொய்க்காதிருக்கப் புண்ணைச் சுற்றி வேப்பெண்ணெய் பூசலாம். விரல் வீங்கியிருப்பின் கத்தியை எடுக்காது கால்நடை மருத்துவரை அழைப்பதே முறை. சீழ் ஆழத்தில் இருக்கும். ஊசிமருந்தும் சில நாட்கள் தொடர்ந்து போடவேண்டியிருக்கும். மருந்திட்ட பன்றியை, மருத்துவர் குறிக்கும் நாட்கள் கழியுமுன் இறைச்சிக்கு விற்றல் கூடாது. நொண்டலோடு காய்ச்சலும், தோலில் சாய்சதுர வடிவான செந்தடிப்புகளும் காணின் அது எரிசிபெலஸ் என்னும் நோயாகலாம். பென்சிலின் காலத்தில் கிடைத்தால் நன்கு குணமாகும். அது மனிதரின் கைப்புண் வழியாகவும் தொற்றுமாதலால் வெறுங்கையால் தொடாதிருத்தல் நன்று.

மந்தையில் பலவற்றிற்குக் குளம்பு கெட்டிருந்தால் மயில்துத்தக் குளியல் ஏற்றது. 20 லிட்டர் நீருக்கு 1 கிலோ மயில்துத்தம் என்ற அளவில் கரைத்து, பன்றி நடந்து கடக்கும்படி ஆழங்குறைந்த தொட்டியில் விடுக. முன்னதாகக் காலைக் கழுவாவிட்டால் சாணம் மருந்தின் வேகத்தைக் கொன்றுவிடும். தாகமுள்ள பன்றி அதைக் குடித்துவிடும். எனவே தண்ணீர் காட்டிய பின்னரே நடத்துக. எஞ்சிய நீரை மீன் வளர்க்கும் குளத்தில் விடுதல் ஆகாது, மீன்கள் மடியும். செம்மறியாடுகள் மேயும் நிலத்திலும் கொட்டலாகாது.

ஒரு நாளிரண்டு நாளில் பல பன்றிகள் சேர்ந்து நொண்டினால், தரையின்மீது பழி போட்டுக் காத்திராதீர். குளம்பின் மேல்விளிம்பிலும் மூக்குத் தட்டிலும் கொப்புளங்கள் காணின் அது கோமாரியாகலாம். குளம்பே கழன்று விழுதலும் உண்டு. மாட்டைப் போலப் பன்றிக்கு எச்சில் வடிவது தெளிவாகத் தெரியாது; நொண்டலே முதல் அடையாளம். நோயுற்ற பன்றி தன் மூச்சில் மிகுதியான நச்சுக்கிருமியை வெளியிட்டு அக்கம்பக்கத்து மாடுகளையும் கெடுக்கும். பிரிட்டனில் 2001ஆம் ஆண்டு பிப்ரவரியில் எஸ்ஸெக்ஸ் கோட்டத்து இறைச்சிக்கூடமொன்றில் பன்றிகளிடம் இந்நோய் கண்டறியப்பட்டது. அது தொடங்கிய இடம், சரிவரக் காய்ச்சாத உணவுக்கழிவு இடப்பட்ட வடக்குப் பகுதிப் பன்றிப் பண்ணையென்று விசாரணையில் முடிவாயிற்று. நோய் அடங்குமுன் 60 இலட்சத்திற்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. விடுதிக் கழிவைக் கொதிக்கவைத்தே இடவேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதனாலேயாம். நம் நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி இத்தகைய தொற்றுநோயை ஐயுற்றவுடன் அறிவிப்பது உரிமையாளரின் கடமை. 2019இல் தொடங்கிய தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் பன்றிகளும் சேர்க்கப்பட்டன. ஐயம் தீருமட்டும் கொட்டிலிலிருந்து எதையும் விற்காமல், வாயிலில் 4 சதவீதச் சலவைச் சோடாக் கரைசலில் காலை நனைத்தே போக்குவரத்து வைத்துக்கொள்க.

குட்டிகளின் விஷயம் வேறு. அவை முன்முழங்காலை ஊன்றியே பால் குடிப்பதால், சொரசொரப்பான தரையில் சில நாட்களிலேயே முழங்கால் தோல் உரிந்துவிடும். அப்புண் வழியே கிருமி சென்று மூட்டுகள் வீங்கும். ஈனும் அறையில் உலர்ந்த சாக்கோ வைக்கோலோ போட்டால் இது பெரிதும் குறையும். சில குட்டிகள் பிறக்கும்போதே பின்னங்கால்கள் இருபுறமும் விரிந்து நிற்கமாட்டாதனவாயிருக்கும். இவை பால் கிட்டாமல் பட்டினியாலோ தாயின் அடியில் நசுங்கியோ மாளும். தறியில் எஞ்சும் நாடாத் துண்டொன்றை எடுத்து, இரு பின்னங்கால்களையும் உள்ளங்கையகல இடைவெளி விட்டு, தளர்வாக எட்டு வடிவில் பிணைத்து, குட்டியை மடியருகே விட்டுப் பால் குடிப்பிக்கவேண்டும். மூன்று நான்கு நாட்களில் பெரும்பாலானவை தாமே நிற்கும். அப்போது நாடாவை மறவாமல் அவிழ்த்துவிடுக. விட்டுவைத்தால் வளரும் காலில் அது இறுகிப் புண்ணாக்கிவிடும்.