சுருக்கம் எழுதச் சொல்லாதீர்கள்

கேள்வி: பெங்களூரில் அல்சூர் பக்கம் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்பு ஆசிரியை நான். பிள்ளைகளில் பலர் வீட்டில் பேசுவது தமிழ்; பள்ளியில் படிப்பது ஆங்கிலமும் கன்னடமும். கோடை விடுமுறைக்குப் பத்துப் புத்தகங்களின் பட்டியல் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் சுருக்கம் எழுதிவரச் சொல்வோம். இணையத்தைப் பார்த்து எழுதியதுதான் வருகிறது. இந்த வருடம் ஆசிரியர்களும் தொழில் வளர்ச்சிக்காக வாசிக்க வேண்டும் என்கிறார்கள். பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பது, நான் என்ன படிப்பது?

பதில்: முதலில் அந்தச் சுருக்கத்தை விட்டுவிடுங்கள். அது வாசிப்பைத் தண்டனையாக்குகிறது. அடுத்து, பட்டியலையும் விடுங்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கோடைக்குப் பன்னிரண்டு புத்தகங்கள் என்று மூன்று கோடைகள் கொடுத்துப் பார்த்தார்கள். ரிச்சர்ட் ஆலிங்டன், ஆன் மெக்கில்-ஃபிரான்சன் குழுவினரின் அந்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. புத்தகம் பெற்ற பிள்ளைகள் பெறாதவர்களைவிட வாசிப்புத் தேர்வில் முன்னேறியிருந்தார்கள். அந்தப் புத்தகங்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் பிள்ளைகளேதான்.

இதை நம்மவர் ஒருவர் 1931இலேயே விதியாக எழுதிவிட்டார். சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர்.ரங்கநாதன். கடைசிக் காலத்தில் பெங்களூரில் வாழ்ந்து 1972இல் இங்கேயே மறைந்தார். நூல்கள் பயன்படுத்தவே என்பது அவருடைய முதல் விதி. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது இரண்டாவது. நம் பள்ளிகளில் விடுமுறை வந்தால் நடப்பது நேர்மாறு. பிள்ளைகளுக்கு நேரம் கிடைக்கும் அந்த இரண்டு மாதமும் நூலக அலமாரி பூட்டிக்கிடக்கிறது. கடைசி வேலை நாளில் புத்தகங்களையெல்லாம் வகுப்பு மேசையில் பரப்புங்கள். ஆளுக்கு ஐந்தாறு எடுத்துப் போகட்டும். காமிக்ஸா, கிரிக்கெட் புத்தகமா, வயதுக்குச் சின்னதா, எதுவானாலும் தடுக்காதீர்கள். நாலைந்து தொலையும், சில கிழியும். அந்த நஷ்டத்தைப் பள்ளி தாங்கலாம்.

பள்ளிப் புத்தகங்கள் போதாவிட்டால், அல்சூரிலேயே பெங்களூர்த் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது. கப்பன் பூங்காவில் இந்திரா பிரியதர்ஷினி சிறுவர் நூலகமும் உண்டு. இதே ஊரைச் சேர்ந்த பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழிலும் கன்னடத்திலும் கதைகளை இலவசமாகப் படிக்கலாம், அச்சிட்டும் கொள்ளலாம். தமிழ் எழுத்துக் கூட்டவே சிரமப்படும் பிள்ளைக்கு, கன்னடத்தில் படித்த கதையையே தமிழிலும் கொடுத்துப் பாருங்கள். கதை முன்பே தெரியும் என்பதால் எழுத்தைக் கண்டு மிரளாது.

உங்கள் வாசிப்புக்கு மூன்று நூல்கள் போதும், மூன்றும் தமிழில் கிடைக்கும். ஜிஜுபாய் பதேக்காவின் 'பகல் கனவு': நான்காம் வகுப்பைக் கையில் எடுக்கும் ஓர் ஆசிரியர் பாடத்தை ஒதுக்கிவைத்துக் கதை சொல்லித் தொடங்குகிறார். அடுத்தது இத்தாலியின் பார்பியானா பள்ளி மாணவர்கள் எட்டுப் பேர் எழுதிய 'என்னை ஏன் டீச்சர் பெயிலாக்கினீங்க?' படிக்கும்போது கோபம் வரும், வரட்டும். மூன்றாவது 'டோட்டோ-சான்'. பள்ளியில் சேரவந்த சிறுமி நான்கு மணி நேரம் பேசுகிறாள். தலைமையாசிரியர் கோபயாஷி ஒருமுறைகூட கொட்டாவி விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்த ஒரு பகுதியையாவது இரண்டு முறை படியுங்கள்.

இதோடு, உங்கள் மாணவர்கள் எடுத்துப்போகும் புத்தகங்களில் ஐந்தையாவது நீங்களும் படித்துவிடுங்கள். என்னைக் கேட்டால், பயிலரங்குகள் பலவற்றைவிட இது பெரிய தொழில் வளர்ச்சி. ஒரு பிள்ளையின் கையில் அடுத்து எந்தப் புத்தகத்தைக் கொடுப்பது என்பது அவற்றைப் படித்த ஆசிரியருக்குத்தான் தெரியும்.

பள்ளி திறந்ததும் நோட்டுப் புத்தகம் கேட்காதீர்கள். "நான் இதைப் படித்தேன், நடுவில் சலித்துப்போய் விட்டுவிட்டேன், நீ எதைப் படித்தாய்?" என்று முதலில் நீங்கள் சொல்லித் தொடங்குங்கள்.