பிறந்த ஆட்டுக்குட்டிகளிற் குருதி வெல்லக் குறைவும் குளிர்ச்சியும்

காலபோக நெல்லுக்குக் களைபிடுங்கும் நாட்களும், வடகீழ்ப் பருவக்காற்று மழையும், ஆடுகள் குட்டி ஈனுதலும் பல கமக்காரரின் வளவுகளில் ஒருங்கே வந்து சேர்வதுண்டு. இரவிற் பிறந்த குட்டி விடியற்காலையில் ஈரத்தரையிற் சோர்ந்து கிடக்கும். வீட்டார் அதனை அடுப்பங்கரைக்கு எடுத்துச் சென்று சூடு காட்டுவர். குட்டி சற்றே அசையும். பின்னர்த் தலையைப் பின்னே வளைத்து, கால்கள் விறைத்து, வலிப்புக் கண்டு இறந்துவிடும். ஏதோ நோய் தாக்கியது என்று கருதிவிடுகின்றனர். பெரும்பாலும் அங்கு நேர்ந்தது நோயன்று. பசித்த குட்டிக்குச் சூடு முந்தி, உணவு பிந்தியதே அக்கேட்டுக்குக் காரணமாகும்.

குட்டி தாயின் வயிற்றிலிருந்து கொண்டுவரும் சேமிப்பு மிகச் சிறிது. ஈரலில் உள்ள மாச்சத்தும், சிறுநீரகங்களைச் சூழ்ந்துள்ள கபில நிறக் கொழுப்புமே அது. நனைந்த உடலைச் சூடாக வைத்திருக்க இவை எரிகின்றன. பால் குடியாத குட்டியில் ஏறத்தாழ ஐந்து மணி நேரத்தில் இச்சேமிப்பு தீர்ந்து, குருதியிலுள்ள வெல்லம் குறையத் தொடங்கும். மூளைக்கு வெல்லமே முதன்மையான உணவு. அந்நிலையிற் குட்டியைச் சூடாக்கினால், உடல் விழித்து வெல்லத்தைக் கேட்கும், கொடுப்பதற்கோ ஒன்றுமில்லை. வலிப்பு அதனால் வருவது. சிவாவா போன்ற மிகச் சிறிய இன நாய்க்குட்டிகளும் சில மணி நேரம் உணவின்றி இருந்தால் இவ்வாறே தள்ளாடி விழும். உடல் சிறுக்கச் சிறுக்கச் சூடு விரைவில் வெளியேறுகின்றது, சேமிப்போ குறைகின்றது.

முதுகைக் கூனி, விலா ஒட்டி, தனியே நிற்கும் குட்டியை உடனே பிடித்துப் பார்த்தல் வேண்டும். வாய்க்குள் விரலை விட்டால் குளிர்ந்திருப்பின் நிலை மோசமானது. வெப்பமானியை மலவாயில் வைத்துப் பார்ப்பதே நிச்சயமான வழி. நல்ல குட்டியின் வெப்பநிலை 39 பாகை சதம் அளவில் இருக்கும். அதற்குக் குறைந்தும் 37 பாகைக்கு மேலாகவும் இருந்தால், நன்கு துடைத்து உலர்த்தி, கடும்புப்பால் ஊட்டினாற் போதும்.

37 பாகைக்கும் குறைந்த குட்டிக்குச் செய்யவேண்டியது அதன் வயதைப் பொறுத்தது. பிறந்து ஐந்து மணி நேரத்துக்கு உட்பட்டதாயின், உலர்த்திச் சூடாக்கி, 37 பாகையைக் கடந்தபின் பாலூட்டலாம். அதற்கு மூத்ததாயின் முதலிற் குளுக்கோசு, பின்னரே சூடு. கால்நடை வைத்தியர் நூற்றுக்கு 20 பங்கு வலுவுள்ள குளுக்கோசுக் கரைசலை இளஞ்சூடாக்கி, உடல்நிறையில் ஒரு கிலோகிராமுக்கு 10 மில்லிலீற்றர் வீதம் வயிற்றறைக்குள் ஊசியாற் செலுத்துவார். பழகாதவர் இதைச் செய்யலாகாது. வைத்தியர் வரத் தாமதமாயின், மருந்துக்கடைக் குளுக்கோசுத் தூளைச் சிறிது நீரிற் குழைத்து, முரசிலும் நாக்கிலும் சிறுகச் சிறுகத் தடவலாம். இது முழுப் பரிகாரமன்று. விழுங்கும் வலியற்ற குட்டியின் வாயிற் பாலை ஊற்றுவது மட்டும் ஒருபோதும் கூடாது. அது நுரையீரலுக்குள் இறங்கிக் குட்டியைக் கொல்லும்.

சீனித் தண்ணீர் கொடுக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. ஆட்டுக்குட்டியின் குடலில் சீனியைப் பிரித்துச் சமிக்கச் செய்யும் நொதியம் இல்லை. ஆகவே சீனி குருதியைச் சேராது; கழிச்சலையே உண்டாக்கும். பனங்கட்டியும் சர்க்கரையும் அதே இனத்தவை. குளுக்கோசு சமிபாடின்றி நேரே உட்செல்வது.

சூடாக்குவதற்கு வெந்நீர்ப் போத்தலைத் துணியிற் சுற்றி, குட்டியைச் சாக்கில் வைத்து அணைக்கலாம். வெறும் போத்தல் தோலைச் சுட்டுவிடும். அரைமணிக்கொரு முறை வெப்பநிலையைப் பார்த்து, 38 பாகை வந்ததும் சூட்டை நிறுத்துக.

கடும்புப்பாலை வீட்டாருக்குக் காய்ச்சுவதற்கென்று முந்திக் கறந்துவிடுவது பெருந்தவறு. அது குட்டிக்கு உணவு மட்டுமன்று. நோயெதிர்ப்பையும் அதுவே தருகின்றது, அதனை ஏற்கும் ஆற்றல் குட்டியின் குடலுக்கு முதல் ஒரு நாள் வரையே உண்டு. 2 கிலோகிராம் நிறையுள்ள குட்டிக்குப் பிறந்து இரண்டு மணி நேரத்துள் 100 மில்லிலீற்றரும், முதல் நாள் முழுவதும் 400 மில்லிலீற்றர் வரையும் தேவை. முலைக்காம்பை அடைத்திருக்கும் மெழுகு போன்ற பொருளைப் பிதுக்கி அகற்றிய பின்னர் குட்டியைப் பிடித்து ஊட்டுக. இரட்டைக் குட்டிகளில் மெலிந்தது முண்டியடிக்க மாட்டாது. அதற்கு முதலிடம் கொடுத்தல் வேண்டும். தாயிடம் பாலில்லையேல் அண்மையில் ஈன்ற வேறோர் ஆட்டின் கடும்பை உடற்சூட்டில் கொடுக்கலாம். அதனைக் கொதிக்க வைத்தால் பயன் கெடும்.

சினையாட்டின் 150 நாள் கருக்காலத்திற் குட்டியின் வளர்ச்சி பெரிதும் கடைசி ஆறு வாரங்களிலேயே நிகழும். களையெடுப்பு நெருக்கத்திலும் அவ்வாரங்களிற் சீமைக்கிளுவைக் குழையோடு தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் அளவாகக் கொடுத்து, மழைச்சாரல் புகாத கொட்டிலில் உலர்ந்த வைக்கோலைப் பரப்பி வைத்தல் வேண்டும். நாள் நெருங்கிய ஆட்டை இரவில் ஒருமுறையேனும் விளக்கோடு சென்று பார்த்துவருதல் நன்று.