பழைய மின்கார் வாங்கும் கணக்கு

நம் சங்கத்து ஆராய்ச்சி மாணவர் சிலர் கூட்டாகப் பணம் போட்டுப் பழைய மின்கார் ஒன்று வாங்கலாமா என்று சில நாட்களாகப் பேசி வருகின்றனர். மாத உதவித்தொகையில் மிச்சம் பிடித்த பணம் அது. ஊரில் தந்தையாரிடம் கேட்டுப் பெறப்போவதும் அதில் ஒரு பங்கு. ஆகவே, வாங்கிய ஆறாம் மாதம் கார் படுத்துவிட்டது என்று கைவிரிக்க அவர்களுக்கு வசதி இல்லை. டில்லிச் சந்தையில் அவர்கள் பார்த்து வைத்திருப்பவை இரண்டு. ஒன்று மஹீந்திரா இ-டூ-ஓ பிளஸ். மற்றது டாட்டா டியாகோ இ.வி. இரண்டும் பின்கதவை மேலே தூக்கித் திறக்கும் சிறிய கார்கள். இவற்றுள் எது தக்கது என்பதை ஆராய்வோம்.

முதலில் அவற்றின் பிறப்பு. பெங்களூரில் ரேவா என்ற சிறு மின்கார் 2001-இல் விற்பனைக்கு வந்ததை நண்பர்கள் அறிந்திருக்கலாம். ஈய-அமில பாட்டரியில் ஓடிய வண்டி அது. அந்த நிறுவனத்தை மஹீந்திரா 2010-இல் வாங்கியது. 2013-இல் லித்தியம் அயனி பாட்டரியுடன் இ-டூ-ஓ வந்தது. அதற்கே நான்கு கதவு வைத்து 2016-இல் வெளியிட்டதுதான் பிளஸ். இதன் தயாரிப்பு 2019-இல் நின்றுவிட்டது. டியாகோ இ.வி. 2022 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டு, 2023 தொடக்கத்தில் தெருவுக்கு வந்தது. வயதிலேயே இரண்டுக்கும் பெரும் வேறுபாடு உண்டு என்பதை இங்கேயே மனத்தில் இருத்துக.

பெட்ரோல் காரைப் பார்க்கிறவர் எஞ்சின் சத்தத்தைக் கேட்பார், புகையைப் பார்ப்பார், எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று விசாரிப்பார். மின்காரில் சத்தமும் இல்லை, புகையும் இல்லை. மோட்டாரில் தேயும் பகுதிகளும் மிகச் சில. தேய்வது பாட்டரி. அதுவும் இருவகையாகத் தேய்கிறது: ஓடுவதால் ஒன்று, சும்மா நிற்பதால் ஒன்று. இந்த இரண்டாவதைத்தான் வாங்குவோர் மறந்துவிடுகின்றனர். மின்கலத்துக்குள் வேண்டாத வேதிவினைகள் மெதுவாக நடந்துகொண்டே இருக்கின்றன. லித்தியத்தில் ஒரு பகுதி சிறிது சிறிதாகச் சிறைப்பட்டுப் பயனற்றுப் போகிறது. வெப்பம் ஏற ஏற அவ்வினைகள் விரைகின்றன. டில்லியின் மே மாத வெயிலில் முழு மின்னேற்றத்தோடு நிறுத்தி வைத்த வண்டி, ஓர் அடி நகராமலே முதுமை அடைகிறது. ‘டாக்டர் ஒருவர் வைத்திருந்த வண்டி, அதிகம் ஓடவே இல்லை’ என்று தரகர் சொல்லும்போது நாம் மகிழ்வதற்கு ஒன்றுமில்லை.

இனி எண்களுக்கு வருவோம். இ-டூ-ஓ பிளஸ்ஸில் பெரிய பாட்டரி உள்ள பி8 வகையின் கொள்ளளவு ஏறத்தாழ 16 யூனிட். சான்றிதழில் கண்ட தூரம் 140 கிலோமீட்டர். மற்ற வகைகளில் சுமார் 10 யூனிட்தான். டியாகோவில் 19.2 யூனிட், 24 யூனிட் என இருவகை; அறிமுகத்தின்போது சொன்ன தூரம் முறையே 250, 315 கிலோமீட்டர். சோதனைச் சாலையில் எடுத்த இந்தத் தூரங்களை நகரத் தெருவில் எதிர்பார்க்கலாகாது. யூனிட்டுக்கு 7 அல்லது 8 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வது அறிவுடைமை. அப்படியானால் 24 யூனிட் டியாகோ புதிதாக இருக்கையில் 170 முதல் 190 வரை ஓடும். 16 யூனிட் பிளஸ், வயதினால் 70 விழுக்காடாகச் சுருங்கியிருந்தால் மீதி 11 யூனிட். ஓடுவது 80 கிலோமீட்டருக்குச் சற்று முன்பின். குளிர்காலத்தில் வெப்பமூட்டியைப் போட்டால் அதிலும் குறையும்.

சுருங்கியிருக்கிறதா என்பதை எப்படி அறிவது? முகப்புப் பலகையில் 100 என்று காட்டுகிறதே என்று நம்பிவிடக் கூடாது. குடத்தின் அடியில் கற்களைப் போட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்றினாலும் குடம் நிறைந்ததாகத்தான் தோன்றும். அந்த 100 இன்றைய கொள்ளளவில் 100. புதிதாக இருந்தபோதைய கொள்ளளவில் அன்று. மின்னழுத்தத்தை அளந்து பார்க்கலாமே என்று இயற்பியல் மாணவர் கேட்கக்கூடும். டியாகோவில் இருப்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட் கலம். அதன் அழுத்தம், பாதி காலியானாலும் கலத்துக்கு 3.2 அல்லது 3.3 வோல்ட்டில் அசையாமல் நிற்கும். எனவே அதுவும் உதவாது.

உதவக்கூடியது வீட்டு மின்மானிதான். வண்டியை 20 விழுக்காடு வரை ஓட்டிக் காலியாக்கி, 15 ஆம்பியர் பிளக்கில் செருகி, 100 ஆகும்வரை எத்தனை யூனிட் ஏறுகிறது என்று குறித்துக்கொள்க. வழியில் 12 விழுக்காடு வெப்பமாக வீணாகும் எனக் கொள்வோம். 24 யூனிட் பாட்டரி புதிதாக இருந்தால் ஏறத்தாழ 22 யூனிட் ஏற வேண்டும். 18 யூனிட்டில் நின்றுவிட்டால், உள்ளே சென்றது 15.84; அதை 0.8-ஆல் வகுத்தால் 19.8. அதாவது பாட்டரியில் 82 விழுக்காடே மீதி. ஓர் இரவு வேலை, காசு செலவில்லை. இதற்கு இசையாத விற்பனையாளரிடம் வாங்காதிருப்பதே நலம். ஒன்று மட்டும்: கலங்கள் வரிசையாகக் கோக்கப்பட்டவை ஆதலால், மிக நலிந்த கலம் காலியானதும் மொத்த அடுக்கும் நின்றுவிடும். ஆகவே ஒரு முறை நீண்ட தூரம் ஓட்டியும் பார்க்க வேண்டும். 30-இல் இருந்த அளவு திடீரென்று 10-க்கு விழுந்தால் அக்குறை அங்கே இருக்கிறது.

டியாகோவின் பாட்டரிக்கும் மோட்டாருக்கும் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரை நிறுவனத்தார் உறுதி தந்துள்ளனர். 2023-இல் பதிவான வண்டிக்கு 2031 வரை அது செல்லும். பெயர் மாற்றிய பின்னும் அவ்வுறுதி நமக்கு உண்டா என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். பிளஸ்ஸுக்கு அத்தகைய துணை இன்று இல்லை. மேலும், அதில் காற்றுப்பை இல்லை. டியாகோவில் முன்னிருக்கை இரண்டுக்கும் உண்டு. வெளிவட்டச் சாலையில் இரவில் நால்வர் செல்வதாக இருந்தால், என் வரையில் இது ஒன்றே முடிவு சொல்லப் போதுமானது.

அதனால் பிளஸ் வேண்டவே வேண்டாம் என்பதில்லை. ஒரு டன்னுக்கும் குறைந்த எடை, சந்துகளில் திரும்பும் எளிமை, வளாகத்துக்குள்ளும் மெட்ரோ நிலையம் வரையிலும் நாளுக்கு 20 கிலோமீட்டர் ஓட்டம் என்றால் அது போதும். ஆனால் விலை பேசும்போது பாட்டரிக்கு ஒரு பைசாவும் இல்லை என்று வைத்தே பேச வேண்டும். கூட்டுப் பணம் என்பதால் நம் நண்பர்களுக்கு நான் சொல்வது 24 யூனிட் டியாகோவைத்தான். பணம் பற்றாவிட்டால் ஓராண்டு பொறுப்பது நன்று.

பார்க்கப் போகும்போது எண் பலகையையும் கவனிக்க. பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்தானால் சொந்த வண்டி; மஞ்சள் எழுத்தானால் வாடகைக்கு ஓடியது. 2017-இல் நாகபுரியில் வாடகைக்கு விடப்பட்ட மின்கார்களுள் பிளஸ்ஸும் இருந்தது. பலகையை மாற்றியிருக்கவும் கூடும் ஆதலால் பதிவுப் புத்தகத்தையும் கேட்டுப் பார்க்கவும். அதற்கு முன்னே விடுதிக் காப்பாளரிடம் போய், வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு 15 ஆம்பியர் பிளக்கும் தனி மின்மானியும் வைக்க அனுமதி எழுதி வாங்கிவிடுங்கள்.