பந்தயச் சைக்கிளுக்கு நல்ல கிராங்கைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

தோட்டப்புற வாழ்வில் சைக்கிள் புதியதன்று. விடியுமுன் எழுந்து, பால் வாளிகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வெட்டுக்குச் சென்ற நம் பெற்றோருக்கு அது உற்ற துணையாக இருந்தது. பின்னர் அவ்விடத்தை மோட்டார் சைக்கிள் பிடித்துக்கொண்டது. ஆயினும் சைக்கிள் மறைந்துவிடவில்லை. வேறு உருவில் திரும்பி வந்திருக்கிறது. வளைந்த கைப்பிடியும் மெல்லிய சக்கரங்களும் கொண்ட பந்தயச் சைக்கிளில், ஞாயிற்றுக்கிழமைகளில் நெடுந்தூரம் செல்லும் இளைஞர்களை இன்று நாம் காண்கிறோம்.

இவர்கள் அனைவரும் வசதி படைத்தவர்கள் அல்லர். மாதச் சம்பளத்தில் சிறிது சிறிதாகச் சேமித்து, பழைய சைக்கிள் ஒன்றை வாங்கி, அதன் உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்பவர்களும் இவர்களுள் உண்டு. அவ்வாறு மாற்றப்படும் உறுப்புகளில் விலை மிகுந்தவற்றுள் ஒன்று கிராங்க். பொருந்தாத கிராங்கை வாங்கினால் பணம் வீணாகும். பழுதுற்ற கிராங்கை வாங்கினால் உடலுக்கே ஊறு நேரலாம். ஆகவே, நல்ல கிராங்கைத் தேர்ந்தெடுக்கும் முறையை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

கிராங்க் என்பது யாது?

பெடல்களைத் தாங்கும் இரு கைகள், வலக்கையோடு இணைந்த பற்சக்கரங்கள், இரு கைகளையும் இணைக்கும் அச்சு ஆகியவை சேர்ந்த தொகுதியே கிராங்க் ஆகும். நம் கால்களின் வலிமை முழுவதும் இதன் வழியாகவே சங்கிலிக்குச் செல்கிறது.

தோட்டங்களில் ஓடிய பழைய சைக்கிள்களில், கிராங்க் கையை அச்சோடு இணைத்தது காட்டர் பின் என்னும் சிறிய இரும்பு ஆப்பேயாகும். பின்னர் நாற்சதுர முனை கொண்ட அச்சு வந்தது. இன்றைய பந்தயச் சைக்கிள்களில் பெரும்பாலும் உள்ளீடற்ற பருமனான அச்சு வலக்கையோடு ஒன்றாக இணைக்கப்பட்டிருக்கும். இடக்கை மட்டும் தனியே பூட்டப்படும்.

முதற்சோதனை: சட்டத்திற்குப் பொருந்துமா?

கிராங்க் வாங்கச் செல்பவர் முதலில் காண வேண்டியது கிராங்கை அன்று. தம் சைக்கிளின் சட்டத்தையே. சட்டத்தின் அடியில் அச்சு நுழையும் கூட்டினுள் பேரிங்குகள் அமர்கின்றன. இதனையே கடைக்காரர்கள் பி.பி. செட் என்பர். அக்கூடு எல்லாச் சைக்கிள்களிலும் ஒரே அளவினதன்று. பரவலாகக் காணப்படும் பி.எஸ்.ஏ. வகைக்கூடு 68 மி.மீ. அகலமுடையது, இத்தாலிய வகை 70 மி.மீ. இவை இரண்டும் மரை வெட்டப்பட்டவை. மரையின்றி, பேரிங்கை அழுத்திப் பொருத்தும் வகைகளும் உண்டு.

அச்சின் பருமனும் வேறுபடும். சிமானோ நிறுவனத்தின் ஹாலோடெக் 2 அச்சு 24 மி.மீ. குறுக்களவு உடையது. ஸ்ராம் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட டப் வகை அச்சு 28.99 மி.மீ. குறுக்களவு உடையது. ஒன்றுக்குரிய பேரிங்கில் மற்றொன்று அமராது. நாற்சதுர அச்சிலும் ஜப்பானிய அளவு, ஐ.எஸ்.ஓ. அளவு என இரண்டு உள. இவற்றை மாற்றிப் பொருத்தினால் கை உரிய இடத்தில் நில்லாது. சங்கிலியின் நேர்கோடும் பிசகும்.

எனவே, கூட்டின் அகலம், மரையின் வகை, அச்சின் அளவு ஆகிய மூன்றையும் ஒரு தாளில் குறித்துக்கொண்ட பின்னரே கடைக்குச் செல்லுதல் நன்று.

இரண்டாம் சோதனை: பற்கள் எத்தனை?

முன்பற்சக்கரங்கள் பெரும்பாலும் மூன்று இணைகளாகக் கிடைக்கின்றன: 53-39, 52-36, 50-34. பந்தய வீரர் பயன்படுத்துவது என்பதற்காக 53-39 இணையை நாடுவோர் பலர். அது தமக்குத் தேவைதானா என்பதைச் சிறு கணக்கால் அறியலாம்.

முன்சக்கரப் பற்களின் எண்ணிக்கையைப் பின்சக்கரப் பற்களின் எண்ணிக்கையால் வகுத்து, டயரின் சுற்றளவாகிய ஏறத்தாழ 2.1 மீட்டரால் பெருக்கினால், பெடல் ஒரு முறை சுழலும்போது சைக்கிள் செல்லும் தூரம் கிடைக்கும். முன்னே 50, பின்னே 11 எனில் அத்தூரம் ஏறத்தாழ 9.5 மீட்டர். நிமிடத்திற்கு 90 சுற்று மிதிப்பவர் அதில் மணிக்கு 51 கிலோமீட்டர் வேகத்தில் செல்வார். சமதரையில் தனியாக அவ்வேகத்தில் செல்பவர் நம்மில் எத்தனை பேர்?

இனி மலையேற்றத்தைக் காண்போம். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கோ, லங்காவி சுற்றுப் பந்தயத்தால் புகழ்பெற்ற கெந்திங் மலைக்கோ ஏறுபவர், செங்குத்தான இடங்களில் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். முன்னே 39, பின்னே 25 எனில், அவர் நிமிடத்திற்கு 40 சுற்றுகளே மிதிக்க இயலும். ஒவ்வொரு மிதியும் முழங்காலை வருத்தும். முன்னே 34, பின்னே 28 எனில் 52 சுற்றுகள் மிதிக்கலாம். பின்னே 32 பற்கள் இருப்பின் 60 சுற்றுகள் வரை மிதிக்கலாம்.

ஆகவே, பந்தயத்தில் போட்டியிடாத பெரும்பாலோருக்கு 50-34 இணையே ஏற்றது. பின்னர் சிறிய சக்கரத்தை மாற்றிக்கொள்ளலாம் என்றெண்ணி 53-39 கிராங்கை வாங்குவதும் தவறாகலாம். 130 மி.மீ. திருகாணி வட்டம் கொண்ட கிராங்கில் 38 பற்களுக்குக் குறைந்த சக்கரம் அமராது. 34 பற்களுக்கு 110 மி.மீ. வட்டம் வேண்டும்.

மூன்றாம் சோதனை: கையின் நீளம்

கிராங்க் கைகள் பெரும்பாலும் 165 முதல் 175 மி.மீ. வரை, 2.5 மி.மீ. இடைவெளியில் கிடைக்கின்றன. நீண்ட கை அதிக வலிமை தரும் என்பது பழைய நம்பிக்கை. மார்ட்டின், ஸ்பிர்டுசோ ஆகிய ஆய்வாளர்கள் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், 120 மி.மீ. முதல் 220 மி.மீ. வரையிலான கைகள் சோதிக்கப்பட்டன. இவ்வளவு பெரிய இடைவெளியிலும் உச்ச ஆற்றலில் காணப்பட்ட வேறுபாடு ஏறத்தாழ 4 விழுக்காடே. 2024-இல் பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தை வென்ற ஸ்லோவேனிய வீரர் தடேய் பொகாச்சர் பயன்படுத்தியதும் 165 மி.மீ. கையே.

உயரம் குறைந்தோரும், முழங்காலிலோ இடுப்பிலோ வலியுள்ளோரும் நீளம் குறைந்த கையைத் தயங்காது தேர்ந்தெடுக்கலாம். கை குறுகினால் இருக்கையை அந்த அளவிற்குச் சற்று உயர்த்துதல் வேண்டும்.

நான்காம் சோதனை: உலோகமும் செய்முறையும்

மலிவான கிராங்குகளில் பற்சக்கரங்கள் கையோடு நிலையாக அறையப்பட்டிருக்கும். பற்கள் தேய்ந்தால் முழுவதையும் எறிய வேண்டியதுதான். திருகாணியால் பூட்டப்பட்ட சக்கரங்களோ, தேய்ந்ததை மட்டும் மாற்ற இடந்தரும். சற்று அதிக விலை கொடுத்தேனும் இவ்வகையையே வாங்குதல் சிக்கனமாகும்.

அழுத்தி உருவாக்கப்பட்ட அலுமினியக் கலவைக் கை, நம் தேவைக்குப் போதிய உறுதி வாய்ந்தது. கார்பன் இழைக் கை எடை குறைந்ததாயினும் விலை மிக அதிகம். அதற்கேற்ற பயன் சாதாரண ஓட்டுநருக்குக் கிட்டுவதில்லை.

விலையுயர்ந்தது பழுதற்றது என்றும் கருதலாகாது. 2023 செப்டம்பரில் சிமானோ நிறுவனம், 2012 ஜூன் முதல் 2019 ஜூன் வரை செய்யப்பட்ட தன் அல்டெக்ரா, டூரா ஏஸ் வரிசை 11-வேகக் கிராங்குகளைச் சோதனைக்கு அழைத்தது. இரு பகுதிகளை ஒட்டிச் செய்யப்பட்ட அக்கைகள் ஒட்டுப் பிரிந்து உடையக்கூடும் என்பதே காரணம். வட அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 7,60,000 கிராங்குகள் இதில் அடங்கின. கை பிரிந்ததாக 4,519 நிகழ்வுகள் தெரிவிக்கப்பட்டன, அறுவர் காயமுற்றனர், எலும்பு முறிவும் அவற்றுள் அடங்கும். அதே நிறுவனத்தின் விலை குறைந்த 105 வரிசை அப்பட்டியலில் இடம்பெறவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

பழைய அல்டெக்ரா அல்லது டூரா ஏஸ் கிராங்கை மலிவாகத் தருவதாக எவரேனும் கூறினால், கையின் உட்புறத்திலுள்ள தயாரிப்புக் குறியீட்டை நிறுவனத்தின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்து, அங்கீகாரம் பெற்ற கடையில் சோதித்த பின்னரே வாங்குதல் வேண்டும்.

பழைய கிராங்கை வாங்குவோர் கவனத்திற்கு

பழையது வாங்குவதில் இழுக்கில்லை. ஆனால் பின்வருவனவற்றை நேரில் பார்த்தல் வேண்டும்.

1. பற்கள் கூராகி ஒரு பக்கமாகச் சாய்ந்துள்ளனவா? அவ்வாறாயின் சக்கரம் தேய்ந்துவிட்டது.

2. பெடல் துளையைச் சுற்றியும், வலக்கை சக்கரத்தோடு சேரும் மூலையிலும் மயிரிழை போன்ற வெடிப்பு உள்ளதா? அழுக்கைத் துடைத்துவிட்டுப் பார்க்கவும். வெடிப்பு இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டா.

3. பெடல் துளையின் மரை சிதைந்துள்ளதா? இடப்பெடலின் மரை எதிர்த்திசையில் சுழல்வது. இதனை அறியாது முறுக்கிக் கெடுத்த கைகள் பல.

4. நாற்சதுரத் துளையின் ஓரங்கள் வட்டமாகத் தேய்ந்துள்ளனவா? தளர்ந்த நிலையில் ஓட்டப்பட்ட கை இவ்வாறு கெடும். பின்னர் எவ்வளவு இறுக்கினாலும் நில்லாது.

பூட்டும் முறை

நல்ல கிராங்கும் சரியாகப் பூட்டப்படாவிடில் கெடும். ஹாலோடெக் 2 வகையில் முனையிலுள்ள மூடியை மெதுவாகவே இறுக்க வேண்டும். அது பேரிங்கின் ஆட்டத்தை நீக்குவதற்கே உரியது. கையைப் பிடித்து நிறுத்துபவை இரு பக்கத் திருகாணிகளே. அவற்றை ஒன்று மாற்றி ஒன்றாக, 12 முதல் 14 நியூட்டன் மீட்டர் அளவிற்கு, அளவுகாட்டும் ஸ்பேனரால் இறுக்குதல் வேண்டும். பெடல் மரைக்குக் கிரீஸ் தடவி, முதலில் கையாலேயே திருக வேண்டும். பூட்டிய பின், இரு கைகளையும் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்கவும். ஆட்டம் சிறிதும் இருத்தலாகாது. மிதிக்கும்போது கிறீச்சொலி கேட்டால் உடனே இறங்கிப் பார்ப்பதே அறிவுடைமை.

முடிவாக, கிராங்கின் தரம் அதன் பளபளப்பிலோ, பொறிக்கப்பட்ட பெயரிலோ இல்லை. சட்டத்திற்கும், காலுக்கும், ஏற வேண்டிய மேட்டிற்கும் பொருந்துவதும், வெடிப்பின்றி உறுதியாக நிற்பதுமே தரமாகும். அன்று வெட்டுக்குப் புறப்படுமுன் காட்டர் பின்னைத் தட்டிப் பார்த்த பெரியவர்கள், முழு எடையையும் அதன்மேல் வைத்து மிதிக்கிறோம் என்பதை உணர்ந்திருந்தார்கள். உறுப்புகள் மாறிவிட்டன, அந்த எச்சரிக்கை நமக்கு இன்றும் வேண்டும்.